நோவும் அசைவும்: நரம்பை மனிதன் அறிந்த வரலாறு

நரம்பு என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. சங்க நூல்களில் அது யாழிற் கட்டிய நாணைக் குறிக்கும். உலக வழக்கிலோ, புறங்கையிற் பச்சையாகப் புடைத்துத் தோன்றும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். குதிக்காலுக்கு மேலே இறுகி நிற்கும் தசைநாணையும் நரம்பு என்கிறோம். வைத்தியர் நரம்புத் தளர்ச்சி என்று கூறும்போது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது பொருளொன்றை அச்சொல்லாலேயே உணர்த்துகிறார். இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்கர் வழங்கிய நியூரோன் என்ற சொல்லும் தசைநாணையும் வில்லின் நாணையுமே முதலிற் குறித்தது. வெண்ணிறமாய் நூல்போல நீண்டு கிடப்பவை எல்லாம் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றின. அவற்றுள் எது உடம்பைக் கட்டுவது, எது செய்தியைச் சுமப்பது என்று பிரித்தறிய மனிதனுக்கு நெடுங்காலம் சென்றது. அந்த வரலாற்றையே நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலிற் பிரித்தறிந்தவர்கள் அலெக்சாந்திரியா நகரத்து வைத்தியர்கள். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட தொலமி மன்னர் காலத்தில், அந்நகரில் மனித உடலை அறுத்து ஆராய அனுமதி இருந்தது. ஹெரோபிலஸ், எரசிஸ்திராத்தஸ் என்னும் இருவர் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தினர். தசைநாண் தசையிலிருந்து எலும்புக்குச் செல்கிறது. நரம்போ மூளையிலிருந்தும் முதுகெலும்பினுள்ளே ஓடும் முண்ணாணிலிருந்தும் புறப்படுகிறது என்று அவர்கள் கண்டனர். உணர்ச்சிக்குரிய நரம்புகள் வேறு, அசைவுக்குரிய நரம்புகள் வேறு என்ற எண்ணமும் அவர்களிடமே முதலில் முளைத்தது. ஆயின் அவர்களுடைய நூல்கள் அழிந்துபோயின. பின்வந்தோர் எடுத்துக்கூறியவற்றைக் கொண்டே அவர்களை நாம் அறிகிறோம்.

அப்பின்வந்தோருள் தலைசிறந்தவர் கலன். கி.பி. 129 இல் சின்ன ஆசியாவின் பெர்கமம் நகரிற் பிறந்த இவர், அங்கே வாட்போர் வீரர்களின் காயங்களுக்கு வைத்தியம் செய்து அனுபவம் பெற்று, 162 இல் உரோமாபுரியை அடைந்தார். அந்நகர மக்கள் முன்னிலையில் அவர் நடத்திக் காட்டிய சோதனை ஒன்று புகழ்பெற்றது. கட்டப்பட்ட பன்றியொன்று வீரிட்டு அலறிக்கொண்டிருக்கும். அதன் கழுத்தில், குரல்வளைக்குச் செல்லும் மெல்லிய நரம்புகளைக் கலன் நூலாற் கட்டுவார். பன்றி திமிறும், கால்களை உதைக்கும். ஆனால் குரல் மட்டும் எழாது. குரலும் எண்ணமும் நெஞ்சிலிருந்து வருகின்றன என்று வாதித்த தத்துவ வாதிகளுக்கு இஃது ஒரு வாய்ப்பூட்டாயிற்று. குரலை ஆள்வது மூளை. அதன் கட்டளையைக் கொண்டு செல்வது நரம்பு என்பது கண்முன்னே நிறுவப்பட்டது.

இதனினும் மேலானது, கலன் தம் நூலொன்றிற் கூறும் ஒரு நோயாளியின் வரலாறு. சிரியா நாட்டிலிருந்து உரோமாபுரிக்கு வந்த பௌசானியஸ் என்னும் சொற்பொழிவாளருக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரலின் ஒரு பாதி ஆகியவை உணர்ச்சி அற்றுப்போயின. வைத்தியர்கள் விரல்களுக்கே மருந்திட்டனர், குணம் காணவில்லை. கலன் விரலைப் பார்த்ததோடு நில்லாது, இதற்கு முன் எங்கேனும் அடிபட்டதுண்டோ என்று வினாவினார். வண்டியிலிருந்து விழுந்தபோது மேல்முதுகு கல்லில் மோதியது என்று விடை வந்தது. உடனே அவர் மருந்தை விரல்களிலிருந்து எடுத்து, கழுத்தின் ஏழாம் முள்ளெலும்பை அடுத்த இடத்தில் இடச் செய்தார். நோயாளி குணமடைந்தார். அவ்விடத்திலிருந்து புறப்படும் நரம்பே அவ்விரல்களின் உணர்ச்சிக்கு உரியது என்பதைக் கலன் அறிந்திருந்தார். இன்றைய வைத்திய மாணவன் படிக்கும் பாடமும் அதுவே. குறை தெரியும் இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் வேறொன்று. நரம்பின் வரலாறு முழுவதிலும் இவ்வுண்மை மீண்டும் மீண்டும் நம்மை எதிர்கொள்ளும்.

அசைவும் உணர்ச்சியும் நரம்பின் வழியே எவ்வாறு செல்கின்றன என்ற வினாவுக்குக் கலன் தந்த விடை தவறானது. மூளையில் உண்டாகும் ஒருவகை நுண்ணிய ஆவி, நரம்பினூடே பாய்ந்து தசையை அசைக்கிறது என்றார் அவர். அவருடைய பெருமையே அக்கொள்கைக்கு அரணாகி, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு அதனை வாழவைத்தது. 1660களில் ஒல்லாந்தரான ஸ்வாமர்டாம், தவளையின் தசையொன்றை நரம்போடு எடுத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, நரம்பைத் தூண்டிப் பார்த்தார். தசை சுருங்கியது, ஆனால் அதன் பருமன் பெருகவில்லை. ஆவியோ நீரோ உட்புகுந்திருந்தால் தசை பெருத்திருக்க வேண்டுமன்றோ? 1791 இல் இத்தாலியின் பொலோஞா நகரத்துக் கல்வானி, தவளைக் கால்கள் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு, நரம்பினுள் ஓடுவது ஒருவகை மின்சாரமே என்று நூலெழுதினார். ஆவிக் கொள்கை அத்துடன் தளர்ந்தது.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். கையிற் செல்லும் பெரிய நரம்பொன்றை வெட்டினால் உணர்ச்சியும் போகிறது, அசைவும் போகிறது. ஆயினும் சில நோயாளருக்கு உணர்ச்சி மட்டும் போய் அசைவு நிற்கிறது; வேறு சிலருக்கு அசைவு போய் உணர்ச்சி நிற்கிறது. ஒரே நரம்பு இரு தொழிலையும் எவ்வாறு செய்கிறது? விடை, நரம்பு முண்ணாணோடு சேரும் இடத்தில் ஒளிந்திருந்தது. அவ்விடத்தில் ஒவ்வொரு நரம்பும் இரண்டு வேர்களாகப் பிரிகிறது. ஒன்று முண்ணாணின் முன்பக்கத்திலும் மற்றது பின்பக்கத்திலும் சேர்கின்றன.

1811 இல் இலண்டனில் வைத்தியராயிருந்த ஸ்கொத்லாந்துக்காரர் சார்ள்ஸ் பெல், சிறு நூலொன்றைத் தம் செலவில் அச்சிட்டு நண்பர்களுக்கு மட்டும் வழங்கினார். முன்வேரைத் தொட்டபோது தசைகள் வெட்டியிழுத்தன என்றும், பின்வேரை வெட்டியபோது அவ்வாறு நிகழவில்லை என்றும் அதில் எழுதினார். பின்வேரின் தொழில் உணர்ச்சியே என்று அவர் அந்நூலிற் தெளிவுறக் கூறவில்லை. 1822 இல் பாரிசில் பிரான்சுவா மஜாந்தி, நாய்க்குட்டிகளின் முதுகெலும்பைத் திறந்து அவ்வேர்களைத் தனித்தனியே வெட்டினார். பின்வேர்களை வெட்டிய குட்டியின் காலில் ஊசியால் குத்தினாலும் அது உணரவில்லை. ஆனால் காலை அசைத்தது. முன்வேர்களை வெட்டியபோது கால் துவண்டு தொங்கியது. ஆனால் நோவை உணர்ந்தது. உணர்ச்சி பின்வேரின் வழியே உள்ளே செல்கிறது, அசைவுக்கான கட்டளை முன்வேரின் வழியே வெளியே வருகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி வெளியாயிற்று.

உடனே வழக்கு எழுந்தது. கண்டுபிடிப்பு தமக்கே உரியது என்றார் பெல். அவரும் அவர்தம் நண்பரும் அதனை வற்புறுத்தினர். தம் பழைய கட்டுரைகளை மீண்டும் வெளியிட்டபோது, புதிய உண்மைக்குப் பொருந்துமாறு சில சொற்களை மாற்றியும் வெளியிட்டார் பெல். இன்று அறிஞர் இருவருக்கும் பங்கு கொடுத்து, அவ்விதியைப் பெல்-மஜாந்தி விதி என்று வழங்குகின்றனர். ஆயினும் இக்கண்டுபிடிப்புக்கு விலை கொடுத்தவை அந்த வாயில்லா உயிர்கள் என்பதை மறத்தல் ஆகாது. மயக்க மருந்து 1846 இலேயே வழக்குக்கு வந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட இச்சோதனைகளின் கொடுமையை எண்ணிப் பார்க்கலாம். 1824 இல் மஜாந்தி இலண்டனுக்கு வந்து சோதனை காட்டியபோது பெருங் கண்டனம் எழுந்தது; மறு ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் அது பேசப்பட்டது. நோவு எவ்வழியே செல்கிறது என்று அறிவதற்காகவே நோவு விளைக்கப்பட்டது. விலங்குகளை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதற்குச் சட்டமும் வரம்பும் வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுப்பெற்றதற்கு இச்சோதனைகளும் ஒரு காரணமாகும்.

இவ்விதியின் வெளிச்சத்தில் உடம்பின் நரம்பமைப்பு முழுவதும் விளங்கலாயிற்று. மூளையும் முண்ணாணும் சேர்ந்தது மைய நரம்புத் தொகுதி. அதற்குப் புறத்தே உடம்பெங்கும் பரந்து கிடப்பது சுற்றயல் நரம்புத் தொகுதி. மூளையிலிருந்து 12 சோடி நரம்புகள் புறப்பட்டுக் கண், மூக்கு, செவி, நா, முகம் ஆகியவற்றுக்குச் செல்கின்றன. அவற்றுள் ஒன்று நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் 5, வால் எலும்பருகே 1. ஒவ்வொரு நரம்பினுள்ளும் ஆயிரக்கணக்கான நார்கள் கட்டுக்கட்டாக உறையிடப்பட்டுள்ளன. உள்ளே செய்தி கொண்டு வருவன உட்காவு நார்கள். வெளியே கட்டளை கொண்டு செல்வன வெளிக்காவு நார்கள். வேரருகிற் பிரிந்து நிற்கும் இருவகை நார்களும், வேரைக் கடந்ததும் ஒரே கட்டினுள் அருகருகே செல்கின்றன. ஒரே தெருவில் போவாரும் வருவாரும் ஒருவரோடொருவர் மோதாது செல்வதைப் போன்றது இது.

சுடுபானையில் விரல் பட்டவுடன், சுட்டது என்று நாம் எண்ணுமுன்பே கை பின்னே இழுத்துக்கொள்கிறது. செய்தி பின்வேரால் முண்ணாணை அடைந்து, மூளையின் தீர்ப்புக்குக் காத்திராமல், முன்வேரால் தசைக்குக் கட்டளையாகத் திரும்பிவிடுகிறது. இதனைத் தெறிவினை என்பர்.

இவ்வறிவு தமிழுக்கு வந்த வரலாறும் நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியக் கல்வியை நடத்தி, அதனைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று துணிந்தார். அவரும் அவருடைய தமிழ் மாணவரும் ஆக்கிய நூல்களுள் ஒன்றான மனுஷ அங்காதிபாதம் 1872 இல் வெளிவந்தது. மனித உடலின் எலும்பும் தசையும் குழாயும் நரம்பும் தனித்தனியே பெயரிட்டு விளக்கப்பட வேண்டிய தேவை அப்போது நம் மொழிக்கு ஏற்பட்டது.

நரம்பின் செய்தி எவ்வளவு விரைவாகச் செல்கிறது? பெல்-மஜாந்தி விதியைத் தவளைகளில் மெய்ப்பித்த ஜெர்மானியப் பேரறிஞர் யொஹனஸ் முல்லர், அவ்வேகத்தை அளத்தல் இயலாது என்று கருதினார். 1850 இல் அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனை அளந்துவிட்டார். தவளைக் காலின் நரம்பைத் தசைக்கு அருகில் ஓரிடத்திலும், தொலைவில் மற்றோரிடத்திலும் தூண்டி, தசை சுருங்குவதில் ஏற்படும் காலவேறுபாட்டைக் கணக்கிட்டார். கிடைத்த விடை செக்கனுக்குச் சுமார் 27 மீற்றர். ஒளியின் வேகத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஓடும் குதிரையினும் சற்றே விரைவானதொரு வேகம் கிடைத்தது! மனித உடலில், கொழுப்புறை சூழ்ந்த தடித்த நார்களிற் செய்தி செக்கனுக்கு 100 மீற்றர் அளவிலும் செல்லும். உறையற்ற மெல்லிய நார்களில் 1 மீற்றர் அளவிலேயே ஊர்ந்து செல்லும். காற்பெருவிரல் கல்லில் இடித்தவுடன் இடித்ததை முதலில் உணர்கிறோம். கடுத்து எரியும் நோவு சற்றுப் பின்னரே வந்து சேர்கிறது. நோவின் ஒரு பகுதி மெல்லிய நார்களின் வழியே பிந்தி வருவதே அதற்குக் காரணம்.

அதே 1850 இல் இலண்டனில் வோலர் என்னும் வைத்தியர், தவளையின் நாவுக்குச் செல்லும் நரம்பை வெட்டி, வெட்டுக்கு அப்பாற்பட்ட பகுதி சிதைந்து அழிவதைக் கண்டார். நார் தனித்து வாழ்வதில்லை. அஃது ஒரு கலத்தின் நீட்சி. தாய்க்கலத்திலிருந்து பிரிந்தால் மடியும். இதனை நுணுக்குக்காட்டியின் துணையால் முழுமையாக நிறுவியவர் ஸ்பானிய தேசத்து ரமோன் இ கஹால். 1906 இல் கொல்கியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இவர், நரம்புக்கலங்கள் தனித்தனியானவை என்று காட்டினார். இடுப்பின் உயரத்திலுள்ள ஒரு சிறு கலத்திலிருந்து காற்பெருவிரல் வரை ஒரே நார் செல்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மீற்றர். இத்தகைய சுற்றயல் நார் வெட்டுண்டால், வழி தடைப்படாதிருப்பின், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் மீண்டும் வளரக்கூடும். மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நார்களுக்கு இப்பேறு இல்லை.

கல்வானி கூறிய மின்சாரத்தின் உண்மையான இயல்பு 1952 இல் வெளிப்பட்டது. கேம்பிரிட்ஜ் அறிஞர்களான ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் உடலிலுள்ள மிகத் தடித்த நரம்பு நாரொன்றை ஆராய்ந்து, சோடிய, பொற்றாசிய அயன்கள் நாரின் சுவரைக் கடந்து உள்ளும் புறமும் செல்வதே கணத்தாக்கம் எனப்படும் நரம்புச் செய்தி என்று கணக்கிட்டுக் காட்டினர். 1963 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாம் கட்டளையிடாமலே நடைபெறும் தொழில்களும் உண்டு. இதயம் துடிக்கிறது, குடல் அசைகிறது, வியர்வை சுரக்கிறது. இவற்றை ஆளும் பிரிவுக்குத் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்று 1898 இல் கேம்பிரிட்ஜின் லாங்லி பெயரிட்டார். அச்சம் நேர்ந்தால் பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தும். அமைதியிற் பரபரிவு நரம்புகள் அதனை அடக்கும். நரம்பு இதயத்தை எவ்வாறு அடக்குகிறது என்பதை 1921 இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒட்டோ லோவி கண்டறிந்தார். சோதனையின் முறை தமக்குக் கனவிலே தோன்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். இரு தவளை இதயங்களை எடுத்து, முதலாவதன் நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தணித்தார். அவ்விதயத்தில் நின்ற நீரை இரண்டாவதில் இட்டபோது, நரம்பு தூண்டப்படாமலே அதன் துடிப்பும் தணிந்தது. நரம்பின் முனையில் ஓர் இரசாயனப் பொருள் சுரக்கிறது என்பது இதனால் விளங்கியது. 1936 இல் ஹென்றி டேலோடு லோவி நோபல் பரிசு பெற்றார். ஆயின் 1938 இல் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, யூதரான அவரைச் சிறையிலிட்டு, பரிசுப் பணத்தைப் பறித்தபின்னரே நாட்டைவிட்டுச் செல்லவிட்டனர்.

இவ்வளவும் அறிந்ததனால் மனிதனுக்கு விளைந்த நன்மை யாது? ஒரு நோயைக் கொண்டே இதற்கு விடை கூறலாம். தொழுநோய் கொண்டவரை உலகம் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது. நம் நாட்டிலும் ஒல்லாந்தர் 1708 இல் கொழும்புக்கு அண்மையிலுள்ள ஹெந்தளையில் அவர்களுக்கென ஓர் இல்லம் அமைத்தனர். அந்நோயாளரின் விரல்கள் குறுகிப்போவதைக் கண்டோர், சதை அழுகி உதிர்கிறது என்றும், முன்வினையின் பயன் என்றும் கூறினர். 1873 இல் நோர்வே தேசத்து ஹன்சன் அந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். அக்கிருமி நரம்பைச் சூழ்ந்த கலங்களில் வாழ்வது; உடம்பின் குளிர்ந்த இடங்களை விரும்புவது. ஆகவே தோலிலும், முழங்கை போன்ற இடங்களில் தோலுக்கு அண்மையாகச் செல்லும் நரம்புகளிலும் அது குடிகொள்கிறது.

தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914 இற் பிறந்தவர் ஆங்கிலேயரான போல் பிராண்ட். சத்திரசிகிச்சை நிபுணராக 1946 இல் வேலூர் கிறித்துவ வைத்தியக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் மடங்கிய கைகளை ஆராய்ந்தார். விரலைக் காக்கும் உணர்ச்சி போனதே விரல் தேய்வதற்குக் காரணம் என்று கண்டார். சுடுகலத்தை வெறுங்கையால் எடுப்பர், சுட்டது தெரியாது. துருப்பிடித்த பூட்டைத் திறக்கச் சிறுவன் ஒருவன் சாவியைத் திருகியபோது, அவனுடைய விரற்சதை எலும்பு வரை கிழிந்ததை அவன் அறியவேயில்லை என்று பிராண்ட் எழுதியிருக்கிறார். நோவு இல்லாததால் புண்ணுக்கு ஓய்வில்லை. ஓய்வில்லாததால் புண் ஆறுவதில்லை. ஆறாத புண் எலும்பைத் தின்கிறது. முழங்கைக்குக் கீழே நரம்பொன்று கெட்டிருப்பினும், வேறு நரம்புகளால் இயங்கும் முன்கைத் தசைகள் வலிமையோடிருப்பதையும் அவர் கண்டார். அத்தகைய நல்ல தசையொன்றின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தார். மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன. கைகள் மீண்டும் தொழில் செய்தன. அசைவை மீட்டுக் கொடுத்த அவரால் உணர்ச்சியை மீட்டுக் கொடுக்க இயலவில்லை. ஆகையால் ஒவ்வொரு நாளும் கையையும் காலையும் கண்ணாற் பார்த்துக் காக்கும்படி நோயாளருக்குக் கற்பித்தார். நரம்பு செய்த காவலைக் கண் செய்ய வேண்டியதாயிற்று.

பௌசானியசின் விரலுக்கு மருந்திட்ட வைத்தியர் செய்த தவறும், தொழுநோயாளரின் விரலைப் பார்த்துச் சதை அழுகுகிறது என்று ஒதுக்கிய சமூகம் செய்த தவறும் ஒன்றே. இருவரும் குறை தெரிந்த இடத்திலேயே பழுதைத் தேடினர். முன்னவர் தவற்றால் ஒருவரின் சிகிச்சை பிந்தியது. பின்னவர் தவற்றால் எண்ணற்றோர் வாழ்வு பாழாயிற்று.

1980கள் முதல் வழங்கப்படும் பல்மருந்துச் சிகிச்சையால் தொழுநோயை முற்றாகக் குணப்படுத்தலாம். சிகிச்சை தொடங்கியவுடன் பிறருக்குத் தொற்றும் வலிமையும் விரைவில் நீங்கிவிடும். ஆனால் அழிந்த நரம்பை மருந்து உயிர்ப்பிப்பதில்லை. ஆகவே காலம் தாழ்த்துதல் ஆகாது. இலங்கையில் இன்றும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். தோலில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சி குன்றிய தேமல் காணப்படின், நாணமோ அச்சமோ கொள்ளாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பாதத்தின் நரம்புகள் மெல்லக் கெடுவதுண்டு. அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

நோவை நாம் பகையென்று எண்ணுகிறோம். அதிலிருந்து விடுதலை வேண்டுகிறோம். அதனை அடியோடு இழந்தவர்களின் கைகளைப் பார்த்தால், அது நம் உடம்பின் எல்லையிலே விழித்திருக்கும் காவலாளன் என்பது புலனாகும். அந்தக் காவலாளன் நடக்கும் வழியைக் கண்டறிய மனிதனுக்கு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவன் குரல் எழுப்பும்போது செவிசாய்ப்பதும், அவன் குரல் அடங்கிப்போனவரை ஒதுக்காது அணைப்பதும் அவ்வறிவின் பயனாகும்.